பதினேழாம் தட்டில் ஒரு சந்தனப் பொட்டு

27 செப்டம்பர் 1984, வியாழன்

காலையிலேயே மழை. குனோங் ராபாட் மலை பாதிக்கு மேல் காணோம். மைக்ராஸ்கோப் அறையில் ஏர்கான் சொட்டுகிறது, கீழே பிளாஸ்டிக் வாளி. கல்லூரி இந்த வாடகை வீட்டை எடுத்துக் கொடுத்தபோது 'ஆய்வுக்கூடம்' என்று பலகை மட்டும் பெரிதாக மாட்டினார்கள். வாளி நான் வாங்கியது.

சரி, விஷயம். தட்டு 17. எமல்ஷன் (புகைப்படப் பசை) பூசிய கண்ணாடி, முடுக்கிக் கற்றையில் வைத்தது. பார்த்துவிட்டேன்.

மெலிதான ஒரு தடம். ஒற்றை மின்சுமை. கற்றை வந்த திசையிலேயே சமத்தாக ஓடுகிறது. ஓடிக்கொண்டே இருந்தது, ஓர் இடத்தில் சட்டென்று தடிக்கிறது. அதன்பின் கடைசிவரை தடிப்புதான். இரட்டை மின்சுமை. தடித்தது உடைந்து மெலிவதை இந்தத் தட்டுகளில் தினமும் பார்க்கிறேன். மெலிந்தது தடிப்பதை இன்றுதான் பார்த்தேன்.

உடனே எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலி பின்னால் விழுந்தது. என்னோடு தட்டு பார்க்கும் ராசம்மா அக்கா பக்கத்து மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "என்னா டீச்சர், பல்லியா?"

"நீங்க வந்து பாருங்கக்கா."

பார்த்தார். குமிழைத் திருகினார். மறுபடி திருகினார். "தடிச்சிருக்கு."

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"தடிச்சிருக்குலா. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

கண்ணாடிப் பின்புறத்தில் கறுப்பு மையால் வட்டம் போட்டேன். எனக்கு இது வரும் என்று தெரியும். வராமல் எங்கே போகும்?

28 வெள்ளி

மழை இல்லை. புழுக்கம். கோலாலம்பூருக்குப் போன். பேராசிரியர் (பேரா.) வகுப்பில் இருந்தார், கூப்பிட்டு வரச் சொன்னேன். வந்தார், மூச்சு வாங்க.

"வசந்தி, யாருக்காவது ஏதாவதா?"

"எல்லாரும் நல்லாருக்கோம் சார். லாம்டா கிடைச்சிருக்கு."

உடனே கேள்வி மேல் கேள்வி. அவர் அப்படித்தான். தெலுக் இந்தான் செட்டியார் வீட்டுப் பிள்ளை, விபூதி பூசாமல் வகுப்புக்குப் போகமாட்டார், ஆனால் ஒரு தடத்தை மட்டும் லேசில் நம்பமாட்டார். தடிக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது என்றேன். அதுதான் சிக்கல் என்றார்.

சிக்கல்தான். எனக்கும் தெரியும். ஆனால் அது என் பக்கம்தான் சாயும்.

பன்னிரண்டு மணிக்கு குவாரி சங்கு. லென்ஸைத் தூக்கிவிட்டுக் காத்திருந்தோம். மலையில் வெடி, மேஜையில் டம்ளர் கிடுகிடு. இவர் வேலை பார்க்கும் குவாரி. வெடி போடுகிறவரின் பெண்டாட்டிக்கு அதிராத மேஜை வேண்டுமாம், கல்லூரியில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வாங்க: லென்ஸ் எண்ணெய், பஞ்சு, ஏர்கான்காரனுக்கு மறுபடி போன், கொண்டைக்கடலை.

30 ஞாயிறு

இவர் மோட்டோ பைக்கைக் கழுவிக்கொண்டே, "ஒரு புள்ளிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டார். விளக்கினேன். நன்றாக வந்தது, கருத்தரங்கிலும் இதையே சொல்லலாம். எழுதி வைக்கிறேன்:

சாதாரண அணுக்கருவில் புரோட்டான், நியூட்ரான், அவ்வளவுதான். ஹைப்பர் அணுக்கருவில் மூன்றாவதாக ஒரு விருந்தாளி, லாம்டா. ஆயுள் சொற்பம். நின்ற இடத்தில் உண்டாக்கினால் அங்கேயே செத்துவிடும், தடம் விழாது. அதனால் கன அயனிக் கற்றை. முடுக்கியில் பெரிய அணுக்கருக்களை விரட்டி எமல்ஷன் தட்டில் மோதவிட்டால், அவை சிதறிய துண்டுகள் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். அந்தத் துண்டில் லாம்டா ஒட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து பறக்கும். சாவதற்குள் நமக்கு நீளமாக ஒரு கோடு.

சாகும்போது லாம்டா புரோட்டானாக மாறி உள்ளேயே தங்கிவிடும், பையான் என்ற ஒன்றை வெளியே துப்பும். உள்ளே மின்சுமை ஒன்று கூடியாயிற்று. அதனால்தான் தடம் தடிக்கிறது.

"அப்ப அந்தப் புள்ளி?" என்றார் இவர். கெட்டிக்காரர்தான்.

புள்ளி என்பது நேராகக் கீழே இறங்கும் ஏதோ ஒன்று. மேலிருந்து பார்ப்பதால் புள்ளியாகத் தெரிகிறது. கீழே இறங்குவது மெலிசான கோடு என்றால் அது பையான், லாம்டா உறுதி. தடித்த குச்சி என்றால், நம் தடம் வழியில் வேறோர் அணுவை முட்டி உடைத்த சில்லு. வெறும் விபத்து. குப்பைக்கூடை. தட்டைக் கழுவிக் காயவைத்ததில் எமல்ஷன் பாதிக்கும் கீழே சுருங்கிவிட்டது, ஆழம் நசுங்கிப்போய் எது என்று தெரியவில்லை.

"ஒனக்கு எதுன்னு தோணுது?"

"கோடு."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்."

சிரித்தார். என் முகத்தில் சோப்பு நுரை. திமிர் பிடித்தவள் என்றார். இருக்கட்டும்.

2 அக்டோபர், செவ்வாய்

பேரா. போன் செய்தார், அவராகவே! வெளிநாட்டிலிருந்து நமக்குத் தட்டு அனுப்பும் முடுக்கிக்காரர்களிடம் சொல்லிவிட்டாராம். அடுத்த கற்றை ஓட்டத்துக்கு வெளியாள் ஒருவருக்கு இடம் இருக்கிறது. நல்ல நிகழ்வு கையில் வைத்திருப்பவருக்குத்தான் தருவார்களாம். "ஒன் பேரைத்தான் சொல்லிருக்கேன் வசந்தி."

போனை வைத்துவிட்டு அறையிலேயே இரண்டு சுற்றுச் சுற்றினேன். பிறர் அனுப்பும் தட்டைப் பார்த்துப் பார்த்தே வருடங்கள் போயின. கற்றை எப்படி இருக்கும், அந்த இடம் என்ன சத்தம் போடும், ஒன்றும் தெரியாது. போகவேண்டும். ரொம்ப ஆசையாக இருக்கிறது. எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு ஆசை.

நாளை ஆயுத பூஜை. அக்கா கேட்டார், "மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைக்கலாம்லா டீச்சர்? போன வருசம் வைக்காம விட்டோம், வருசம் பூரா பல்பு பியூஸ் ஆச்சு."

வையுங்கள் என்றேன். எனக்கு மதியம் வரை வகுப்பு. சாவியைக் கொடுத்தேன்.

3 புதன்

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

வகுப்பு முடிந்து வந்தேன். வாசலில் மாவிலை. உள்ளே சாம்பிராணி வாசம், பொரி, சுண்டல், வாழைப்பழம். இரண்டு மைக்ராஸ்கோப்புக்கும் துடைத்துப் பொட்டு, பூ. ஏர்கானுக்கும் ஒரு பொட்டு. அழகாகத்தான் இருந்தது. சிரித்துக்கொண்டே திரும்பினேன். தாம்பாளத்தில் வெற்றிலைமேல் தட்டு 17. நடுவில், என் வட்டத்துக்குள்ளேயே, ஈரச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

எமல்ஷன் பக்கத்தில்.

அக்கா வைக்க நினைத்தது கண்ணாடிப் பக்கம். பூஜைக்காகத் துணியால் துடைத்து, தாம்பாளத்தில் வைக்கும்போது புரண்டிருக்கிறது. மை வட்டம் இரண்டு பக்கமும் தெரியும். இந்த அறையிலேயே பெரிய ஆயுதம் இதுதானே, இதை விட்டுவிட்டு வெறும் இரும்புக்கு வைப்பதா என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது.

கத்தினேன். அறிவிருக்கிறதா என்று கேட்டேன். உங்களுக்கு என்ன தெரியும், எத்தனை நாள் வேலை, எல்லாம் போச்சு என்றேன். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

அக்கா கண்ணைத் துடைக்கவில்லை. "கண்ணாடிப் பக்கம்னு நெனச்சேன் டீச்சர். வட்டம் தெரிஞ்சிச்சு." அவ்வளவுதான் சொன்னார். பையை எடுத்தார். "நான் வாரேன்" என்று படியிறங்கினார். சுண்டல் அப்படியே கிடந்தது.

நனைத்த பஞ்சால் ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை எடுத்தேன். அந்த இடம் மட்டும் அப்பளம் மாதிரி உப்பியிருக்கிறது. சிவப்புக் கறை. லென்ஸில் ஒன்றும் பிடிபடவில்லை. வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடுமோ என்று பயம். ஈரத்துணி சுற்றி டிபன் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

இவர் தோளில் கை வைத்தார்.

4 வியாழன்

விஜயதசமி. மேகமூட்டம்.

அக்கா வரவில்லை. அவர் நாற்காலியில் என் பையை வைக்கப்போய், வேண்டாம் என்று எடுத்துவிட்டேன்.

டப்பாவைத் திறந்தேன். தட்டு முழுசாக இருக்கிறது, விரிசல் இல்லை. மேடையில் வைத்து, தட்டைத் தொடாமல் தள்ளி நின்றே குவியும் லென்ஸ் போட்டு, மெதுவாகக் கீழே இறக்கினேன். தடம் கிடைத்தது. மெலிது. இன்னும் இறக்கினேன். தடிப்பு. புள்ளி எங்கே?

புள்ளி இல்லை. ஈரத்தில் ஊறி எமல்ஷன் பழைய கனத்துக்கு எழும்பியிருக்கிறது. நசுங்கிய ஆழம் திறந்துவிட்டது. புள்ளி கீழ்நோக்கி விரிந்து நீண்டு...

குச்சி. கட்டையாக, கறுப்பாக, தடித்த குச்சி. ஒன்று அல்ல, பக்கத்தில் சின்னதாக இன்னொன்று. சில்லுகள். வெறும் விபத்து.

எழுந்து போய் நேற்றைய சுண்டலை எடுத்துச் சாப்பிட்டேன். புளித்துவிட்டது. சாப்பிட்டேன்.

யோசித்ததை எழுதத்தான் வேண்டும், இங்கே எழுதாமல் வேறு எங்கே? இந்த ஈரம் போனால் எமல்ஷன் மறுபடி சுருங்கிவிடும். குச்சி மறுபடி புள்ளியாகிவிடும். பேரா.விடம் இருப்பது நான் முன்பே எடுத்து அனுப்பிய, புள்ளி இருக்கும் படம். பார்த்தது நான் மட்டும். சும்மா இருந்தால் போதும், டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். அந்த இடம் என்னுடையது.

கொஞ்ச நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்கே எரிச்சல். நான் என்ன, லாம்டா பிச்சை கேட்கிறவளா? எனக்குக் கிடைப்பது உண்மையாகக் கிடைக்கட்டும்.

கேமராவை மாட்டினேன். மாட்டும்போதே தட்டின் ஓரம் காய ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு படம், ஒவ்வொன்றுக்கும் நீண்ட நேரம் திறந்து வைக்கவேண்டும். மணி பார்த்தால் குவாரி வெடிக்கு நேரம். ஓடிப்போய் இவருக்குப் போன்.

"கொஞ்சம் பொறுத்து வெடி போடச் சொல்லுங்க."

"ஏய், மலைக்கு ஒன் லாம்டாவெல்லாம் தெரியாதுடி."

"லாம்டா இல்லைங்க. லாம்டா இல்லேங்கிறதுக்குத்தான் படம்."

வேறு குரலில், "சரி. ஃபோர்மனுகிட்ட சொல்றேன். நீ எடு."

சங்கு ஊதவேயில்லை. எல்லாப் படமும் எடுத்து முடித்து லென்ஸைத் தூக்கிய பிறகுதான் ஊதியது. இவருக்கு இன்று மீன் குழம்பு.

5 வெள்ளி

மழை. வாளி நிரம்பி வழிந்தது.

பேரா.வுக்குப் போன்.

"சார், பதினேழு இல்ல."

"என்ன இல்ல? தட்டு ஒடஞ்சிருச்சா?"

"தட்டு இருக்கு. லாம்டா இல்ல. மோதல். அடியில ரெண்டு சில்லு."

எப்படிப் பார்த்தாய் என்றார். சொன்னேன். சந்தனம், குங்குமம், தாம்பாளம் எல்லாம்.

"வசந்தி, கேளு. தட்டு நனைஞ்சிருச்சு, மேற்கொண்டு அளக்க முடியல. அவ்வளவுதான் எழுதினா அது பொய் இல்ல. 'இருக்கலாம்'னு நிக்கும். ஒன் இடமும் நிக்கும்."

நல்ல மனுஷர். எனக்காகத்தான் சொன்னார். ஆனால் கேட்டதும் காது சூடாகிவிட்டது.

"இருக்கலாம் இல்ல சார். இல்லவே இல்ல. நான் பார்த்தேன்."

"எப்படிப் பார்த்தேன்னு கேப்பாங்க. என்ன எழுதுவே?"

"ஈரச் சந்தனம் வெச்சதுல எமல்ஷன் எழும்பிச்சுன்னு எழுதுவேன்."

"சந்தனம்னேவா?"

"சந்தனம்னே."

முதலில் சிரிக்கவில்லை. பிறகு சிரித்தார், இருமல் வரும் வரை. "எழுது. நானும் கையெழுத்துப் போடுறேன். எங்கப்பா பாத்தா சந்தோசப்படுவாரு."

போனை வைத்த பிறகு அழுதேன். கொஞ்சம்தான். இடத்துக்காக அழுதேன், வேறு எதற்காகவும் இல்லை.

7 ஞாயிறு

வெயில், வாராது வந்த வெயில். மோட்டோவில் பீடோருக்கு, அக்கா ஊருக்கு. இவரே கூட்டிப் போனார்.

அக்கா வீடு தோட்டத்துக்கு வெளியே, புதிதாக எண்ணெய்ச் செம்பனை வைத்திருக்கும் காட்டோரம். போர்ட்டிக்கோவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த சட்டையை மறுபடி வாளியில் போட்டார்.

"மன்னிச்சிருங்கக்கா" என்றேன். வழியெல்லாம் வேறு மாதிரி ஒத்திகை பார்த்திருந்தேன். இதுதான் வந்தது.

"உக்காருங்க டீச்சர். கோப்பி போடுறேன்."

கோப்பி போட்டார். கொய்யா அறுத்து வைத்தார். ஊர்ப் பேச்சு, மழைப் பேச்சு. பிறகு தலையைக் குனிந்துகொண்டே கேட்டார், "அது செத்துப் போச்சா டீச்சர்? நான் வெச்ச பொட்டுல?"

பாவம், நான்கு நாளாக இதையே நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"சாகலக்கா. அது பொறக்கவேயில்ல."

சொன்னேன், புள்ளி விரிந்ததை, குச்சியை, எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் முதலில் நிம்மதி. அப்புறம் என்னைப் பார்த்து, "அப்ப ஒங்க வெளிநாடு?"

"போச்சு."

"அடக் கடவுளே." என் கையைப் பிடித்துக்கொண்டார். "சந்தனம் வைக்காம இருந்திருந்தா போயிருப்பீங்களே டீச்சர்."

"போயிருப்பேன். போயி அங்க மானம் போயிருக்கும்."

இவர் நடுவில் புகுந்து, "அக்கா, இவ அங்க போயிருந்தா எனக்கு யாரு சோறு போடுறது" என்றார். அக்கா இவரை முறைத்தார். நானும்தான்.

நாளை வேலைக்கு வருகிறேன் என்றார் அக்கா. ஒரு பை நிறையக் கொய்யா.

16 செவ்வாய்

முடுக்கிக்காரர்களிடமிருந்து பதில், பேரா. போனில் படித்தார். நம் படங்கள் தெளிவாம். அவர்களும் தங்களிடம் இருந்த சந்தேகத் தட்டுகளை ஈரப்படுத்தித் திறந்திருக்கிறார்கள், கிளிசரின் தண்ணீரில். சிலது நம்முடையது போலவே குச்சியாகப் போனது. சந்தனம் என்ற வார்த்தை புரியாமல் அகராதி பார்த்தார்களாம்.

இடம் வேறொருவருக்கு. அவருடைய நிகழ்வு தாங்கி நின்றிருக்கிறது. சரிதான். அது நியாயம்.

மிச்சத் தட்டுகளையும் பார்த்து முடித்துத் தரும்படி கேட்டிருக்கிறார்கள். செய்வோம். இந்தத் தட்டுக் கட்டுக்குள் லாம்டா இருக்கிறது. எங்கேயோ இருக்கிறது, எனக்குத் தெரியும். இவரிடம் சொன்னால் மறுபடி திமிர் என்பார்.

கிளிசரின்: மருந்துக்கடை, இரண்டு புட்டி. ஏர்கான்காரன் வந்தான்! சரியாகிவிட்டது. வாளியை என்ன செய்வது?

18 வியாழன்

மேகம். மதியம் இடி, மழை இல்லை. தீபாவளி நெருங்குகிறது, அக்கா வீட்டு முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறார், அதையே பேசிக்கொண்டு ஸ்கேன்.

தட்டு 31. என் மைக்ராஸ்கோப். மெலிது. மெலிது. நீளமாக மெலிது. சட்டென்று தடிப்பு. தடிக்கும் இடத்தில் ஒரு புள்ளி.

நாற்காலி விழவில்லை. போன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அக்கா, அந்தக் கிளிசரின் தண்ணி எடுங்க."

எண்ணெயைத் துடைத்தோம். எமல்ஷன் பக்கம் எது என்று அக்கா மூன்று தடவை பார்த்தார், நான் ஒரு தடவை பார்த்தேன். பஞ்சை நனைத்து வைத்துவிட்டு இருவரும் வெளியே படியில் உட்கார்ந்து கொய்யா தின்றோம். சங்கு ஊதியது, வெடி போட்டார்கள், தூசி அடங்கியது.

உள்ளே வந்து தட்டை மேடையில் வைத்தேன். நகர்ந்து நின்றேன்.

"நீங்க மொதல்ல பாருங்கக்கா."

"நானா?"

"பாருங்க."

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். குமிழை இறக்கினார். நிறுத்தினார். இன்னும் இறக்கினார். அடிவரைக்கும் போய்விட்டு மறுபடி மேலே வந்து, மறுபடி இறக்கினார்.

"டீச்சர், குச்சியக் காணோம்லா. மெலிசா ஒரு கோடுதான் கீழ போவுது."